நைனா என்றால் நிஜம்

போன மாதம் வடபழனியிலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து மல்யுத்தக் காட்சி நடத்தப்போகிறார்களாம். ஒருவர் நடத்துகிறவர், மற்றவர் ரெஃப்ரியாக நிற்கப்போகிறவர். "அந்தக் காலத்துல நீங்க பெரிய ரெஃப்ரின்னு கேள்விப்பட்டோம் சார். உங்க அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் குடுங்க, எங்க மலர்ல போடறோம்" என்றார்கள். பெரிய ரெஃப்ரி என்றது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு செல்போனை எடுத்து, ஒவ்வொரு வீரனும் கோதாவுக்குள் நுழையும்போது போடப்போகிற பாட்டைக் காட்டினார்கள். ஒருவன் தலையை ஒரு பக்கம் மழித்து, மறுபக்கம் பச்சைச் சாயம் அடித்து, தோல் ஜாக்கெட்டும் சங்கிலியுமாக ராக் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு வருகிறான். காது கிழிகிற சத்தம்.

"எப்பிடி சார் இருக்கு?"

"பாட்டை நடுவுல நிறுத்தணும்னா பட்டன் யார் கையில இருக்கும்?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏன் சார் நிறுத்தணும்?" என்றார் ரெஃப்ரி.

காபி கொண்டுவந்த என் மனைவி கமலா சிரித்துவிட்டாள். "இவர் எப்பவுமே இப்படித்தான். கல்யாணத்துக்குப் போனாக்கூட பந்தல்ல எந்தக் கால் ஆடிண்டிருக்குன்னுதான் பார்ப்பார். நீங்க காபியைச் சாப்பிடுங்கோ" என்றாள். அவர்களும் சிரித்தார்கள். ஏன் நிறுத்த வேண்டும் என்பதற்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, தெரியாது.

எனக்கு அந்த வேலை கிடைத்ததே என் முகத்தால்தான். அறுபதுகளின் கடைசியில் தேனாம்பேட்டையில் மோட்டார் உதிரி பாகம் விற்கிற கம்பெனியில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் வீடு. சாயங்காலம் தெருக்கோடியில் இருந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய், மற்றவர்கள் இரும்பு தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நான் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்று பயம். ஒருநாள் ஒருவன் தலைக்கு மேல் தூக்கிய இரும்பு நழுவப்போகிறது என்று எனக்குத் தோன்றி, "ஐயோ!" என்று கத்திவிட்டேன். இரும்பு நழுவவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வெலவெலத்துப் போய்த் திரும்பினார்கள்.

மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். பழைய பயில்வான். இரண்டு காதும் அடிபட்டு அடிபட்டு, காய்ந்த பேரீச்சம்பழம் மாதிரி சுருங்கியிருந்தன. ஊருக்குள் மல்யுத்தக் காட்சி நடத்துகிற கோதண்டம் மாஸ்டர் அவர்தான்.

"இன்னா சாமி, ஒண்ணுமே நடக்கல. ஆனா உன் மூஞ்சியப் பாத்து அத்தினி பேருக்கும் வயித்தக் கலக்கிட்ச்சி. நம்மகிட்ட ரெஃப்ரியா வர்றியா?" என்றார்.

எனக்கு ரூல்ஸ் தெரியாதே என்றேன். "ரூல்ஸ நான் சொல்லித் தர்றேன். பயத்த யாரும் சொல்லித் தர முடியாது. ரெஃப்ரி பயந்தாதான் ஜனம் பயப்படும்" என்றார். ஆயுள் முழுக்க என்னை எல்லோரும் கேலி செய்த ஒரு குணத்துக்குச் சம்பளம் தருகிறேன் என்று சொன்ன ஒரே மனிதர் அவர். அப்படித்தான் பில் எழுதுகிற சேஷாத்ரியான நான், சனி ஞாயிறு மாலைகளில் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கறுப்புப் போ டையுமாக ரெஃப்ரி சேஷ் ஆனேன்.

பயிற்சி ஆறு மாதம். விழுந்தவனின் இரண்டு தோளும் தரையில் பட்டால் மூன்று முறை தட்டுவது, இரண்டு மலைகளுக்கு நடுவே உதை வாங்காமல் நுழைவது, உதை வாங்கினால் எப்படி விழுவது. அவ்வளவுதான். கற்க வேண்டிய மற்றவையெல்லாம் வெளியே சொல்லக்கூடாதவை.

இப்போது குழந்தைக்குக்கூடத் தெரியும், அப்போது தெரியாது. யார் ஜெயிப்பது என்பது முன்பே தீர்மானமாகிவிடும். ஆனால் விழுவது நிஜம், வலி நிஜம். இந்த ரகசியத்தை நான் கமலாவிடம்கூட வருஷக்கணக்கில் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் கபாலி கோவிலில் எனக்காக விளக்கேற்றுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் குற்றவாளி மாதிரி கூசும்.

மாஸ்டர் எதையும் எழுதிவைக்க மாட்டார். சனிக்கிழமை காலை வீரர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு அவரவர் பங்கை மட்டும் சொல்லி அனுப்புவார். முழு ஆட்டமும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்குச் சொல்வதற்கு அவருக்கு ஒரு முறை உண்டு. என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். மெதுவான குரலில் ஆட்டத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே வருவார். எந்த இடத்தில் என் நாடி எகிறுகிறதோ அங்கே நிறுத்தி, "ம், இந்த எடம் நல்லாக்கீது. இத்த இன்னும் கொஞ்சம் இழுத்து வெச்சிக்கலாம்" என்பார். நான் எதற்குப் பயந்தேனோ அது நீளும். அதுதான் அவர் தொழில்.

ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் அவரைப் போல் கண்டிப்பான ஆளைப் பார்த்ததில்லை. ஆட்டம் தொடங்குமுன் நான் நான்கு மூலைகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் கயிற்றைக் கம்பத்தோடு இழுத்துக் கட்டுகிற இரும்புக் கொக்கிகள் இருக்கும். அவற்றின் மேல் ரெக்ஸின் மெத்தை கட்டியிருக்கும். மெத்தையின் நாடா முடிச்சை நான் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். வீரர்களின் நகம், ஷூவின் அடிப்பாகம், எல்லாம் பார்ப்பேன். ஆட்டத்தின் நடுவே யாராவது விழுந்து கிடந்தால், எண்ணுவதற்குக் குனிகிற சாக்கில் அவன் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்துவேன். "சரியா இருக்கியா?" என்று அர்த்தம். அவன் பதிலுக்கு ஒரு தடவை அழுத்தினால் சரி. இரண்டு தடவை அழுத்தினால் சரியில்லை.

கை கிடைக்காத நிலையில் இருந்தால்? அதற்கு ஒரு வார்த்தை. கோதாவுக்குள் "அம்மா, ஐயோ, விடு, போதும்" என்று எவ்வளவு கத்தினாலும் அது நடிப்பு. "நைனா" என்று ஒருவன் சொன்னால் அது நிஜம். உடனே நான் மணியடிக்கச் சொல்ல வேண்டும். யார் ஜெயிக்க வேண்டியிருந்தாலும் ஆட்டம் அங்கே முடிந்தது. ஏன் அந்த வார்த்தை என்று கேட்டேன்.

"உசுரு போறப்ப மனுசன் யோசிச்சா பேசுவான்? அப்பனத்தான் கூப்புடுவான்" என்றார் மாஸ்டர். அவர் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்களாம். நான்கு வருஷத்தில் அந்த வார்த்தையை இரண்டே தடவை கேட்டேன். ஒரு தடவை விலா எலும்பு, ஒரு தடவை முழங்கால். இரண்டு தடவையும் அடுத்த நொடியே மணி அடித்தது. அதனால் அந்த இருவரும் பிறகும் சண்டை போட்டார்கள்.

எழுபதுகள் பிறந்ததும் கூட்டம் குறைந்தது. அதுவரை எங்கள் வில்லன்கள் எல்லாம் வெளிதேசத்துப் பெயர் வைத்துக்கொண்ட உள்ளூர்க்காரர்கள். பாரசீகப் புலி என்று ஒருவர், திருவொற்றியூர்க்காரர். மங்கோலியக் கரடி என்று ஒருவர், அவருக்குச் சைதாப்பேட்டை. ஜனங்களுக்கு அந்தப் பயம் புளித்துவிட்டது. மாஸ்டர் கவலையோடு சுற்றிக்கொண்டிருந்தவர், ஒரு ஞாயிறு மாலை என்னை அடையாறில் ஒரு ஹாலுக்கு அழைத்துக்கொண்டு போனார். பீட் குரூப் என்று சொல்வார்களே, கிதாரும் டிரம்முமாக இங்கிலீஷ் பாட்டுப் பாடுகிற இளைஞர் கூட்டம். பெல்பாட்டம், காதை மூடிய முடி, கழுத்து நிறைய மணி. எனக்குத் தலை வலித்தது. மாஸ்டர் மேடையையே பார்க்கவில்லை. வாசலில் பெண்ணையும் பிள்ளையையும் அழைத்துப்போக வந்து நின்ற தகப்பன்மார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கண்ணாடி போட்ட ஆளப் பாரு சாமி. பல்ல எப்டிக் கட்ச்சிக்கினு நிக்கிறான்! பாரசீகப் புலியப் பாத்து எவனாவது இப்டிப் பல்லக் கட்ச்சானா? அவன் வூட்டுக்குள்ளயே பயம் பூந்துட்ச்சி. அத்த நாம கோதால நிக்க வெக்கணும்" என்றார்.

அப்படிப் பிறந்தவன்தான் ஹிப்பி ஜாக்.

ஹிப்பி ஜாக் என்பது ஜலால். திருவல்லிக்கேணிக்காரன், இருபத்தைந்து வயது இருக்கும். பகலில் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடுகிற வேலை. "வாங்கக்கா, வாங்கம்மா, உள்ள வந்து பாருங்க, பாக்கறதுக்குக் காசில்ல!" என்று அவன் ஒரு குரல் கொடுத்தால் எதிர்ச்சாரியில் போகிறவர்கள்கூட சாலையைக் கடந்து வருவார்கள். அடித்தொண்டையிலிருந்து வருகிற, கேட்டால் சிரிப்பு வருகிற குரல். கடை முதலாளி அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "எங் கடைக்கு போர்டே வேண்டாம்டே, இவன் தொண்டை போதும்" என்பாராம்.

அண்ணாச்சிக்குத் தெரியாமல்தான் ஜலால் எங்களிடம் வந்தான். முடி வளர்த்தால் கடையில் தெரிந்துவிடும். அதனால் வடபழனியில் சினிமா மேக்கப்காரர் ஒருவரிடம் நீளமான டோப்பா ஒன்று வாங்கினோம். அடையாறு பீட் குரூப்பில் கிதார் வாசித்த ஃபிலோமினாவை மாஸ்டர் பேசி அழைத்து வந்தார். எல்லோரும் ஃபிலோ என்போம். பகலில் அவள் தேனாம்பேட்டையில் டைப்பிஸ்ட், என் ஆபீசுக்கு இரண்டு கட்டடம் தள்ளி. அவளும் அவள் அண்ணனும் இரண்டு நண்பர்களும் கோதாவுக்குப் பக்கத்தில் மேடை போட்டு வாசிப்பார்கள், ஜாக் அதற்கு ஆடிக்கொண்டே வருவான். கிதாரை எப்படிப் பிடிப்பது, எப்படித் தோளைத் தொங்கவிட்டு நடப்பது, எவன் எது சொன்னாலும் எப்படி அலட்சியமாகப் பார்ப்பது எல்லாம் ஃபிலோதான் சொல்லிக்கொடுத்தாள். கழுத்தில் போட அவளுடைய மணிமாலை ஒன்றையும் கொடுத்தாள். இரண்டு சுற்றுச் சுற்றினாலும் தொப்புள்வரை தொங்கும்.

முதல் காட்சி தி. நகரில் ஒரு மைதானத்தில் போட்ட தகரக் கொட்டகையில். ஜாக் நுழைந்ததும் பெரியவர்கள் எழுந்து நின்று ஏசினார்கள். எதிராளி எங்கள் நாயகன் வடபழனி பீமன், தங்கமான மனிதர். ஜாக் ஏதோ தில்லுமுல்லு செய்தான், நான் விரலை ஆட்டி எச்சரித்தேன். அவன் டோப்பாவை ஒதுக்கிக்கொண்டு, கடைவாசல் குரலில், "இன்னா நைனா, சும்மா சும்மா ரூல்ஸ் பேசிக்கினு!" என்றான்.

மணி அடிக்கச் சொல்லக் கையைத் தூக்கிவிட்டேன். ஆனால் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கொட்டகை இடிகிற மாதிரி சிரிப்பு. மயிலாப்பூர் முகத்தோடு, போ டை கட்டிக்கொண்டு நடுங்குகிற ஆளை நைனா என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது! பின்னால் உயரமான பெஞ்சு வரிசைகளில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் "நைனா! நைனா!" என்று கத்தத் தொடங்கினார்கள். ஜலால் வாய் தவறிச் சொல்லிவிட்டான். பீட் குரூப் பையன்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள், அவர்களோடு பழகி ஒட்டிக்கொண்டது.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டரிடம் ஓடினேன். "மாஸ்டர், அது நம்ம வார்த்தை. அதைத் தமாஷுக்குச் சொல்லலாமா?"

அவர் காலிக் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். "பத்து வருஷமா நான் கேக்காத சிரிப்பு சாமி அது. வேற வார்த்த வெச்சுக்கலாம். 'மணி'ன்னு சொல்லச் சொல்லு. மணின்னா நிஜம்" என்றார்.

வார்த்தையை மாற்றினோம். எல்லோரிடமும் சொன்னேன். ஜலாலிடம் பத்து தடவை சொல்லியிருப்பேன். "மணி, மணி, மணி. போதுமா நைனா?" என்பான். அதற்குள் அவன் என்னைக் கோதாவுக்கு வெளியிலும் நைனா என்றே கூப்பிடத் தொடங்கியிருந்தான்.

வாரா வாரம் கூட்டம் பெருகியது. கீழே நாற்காலியில் தகப்பன்மார்கள், பீமன் பக்கம். மேலே பெஞ்சில் பிள்ளைகள், ஜாக் பக்கம். அண்ணாச்சியும் டிக்கெட் எடுத்து வந்தார். டோப்பாவுக்குள்ளும் அந்தக் கொட்டகைச் சத்தத்திலும் தன் கடை ஆளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மறுநாள் கடையில் ஜலாலிடமே, "அந்த ஹிப்பிப் பயல எவனாவது சுளுக்கெடுக்கணும்டே" என்று சொல்லி ஆத்திரப்பட்டாராம். ஜலால் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொன்னான்.

சிரிப்புக்காகவே ஒரு அயிட்டம் வைத்தோம். பீமன் ஜாக்கைத் தூக்கி மூலையில் எறிவார். ஜாக்கின் இரண்டு கைகளும் கயிறுகளில் முறுக்கி மாட்டிக்கொள்ளும். "நைனா, காப்பாத்து நைனா!" என்று கத்துவான். நான் காதில் கையைக் குவித்து, "என்ன? கேக்கலையே!" என்பேன். கூட்டம் மொத்தமும் எனக்குப் பதிலாக "நைனா!" என்று அலறும். மூன்று தடவை அப்படிக் கேட்டுவிட்டு நான் போய்க் கயிற்றை அவிழ்ப்பேன். எனக்கும் அது பிடிக்கத் தொடங்கியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைப் பார்த்து ஜனங்கள் சந்தோஷமாகச் சிரித்தார்கள், அதை ஏன் மறைக்க வேண்டும்.

இடையில் ஒரு காட்சியில் அந்த மணிமாலை அறுந்தது. மணிகள் கோதா முழுக்க உருண்டன. பீமன் அதில் கால் வைத்து வழுக்கி மல்லாக்க விழுந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு அன்று இரவு முழுதும் தூக்கமில்லை. பின்மண்டை அடிபட்டிருந்தால்? மறுநாள் மதிய இடைவேளையில் ஃபிலோவின் ஆபீசுக்குப் போய் நின்றேன்.

"அந்த மாலையை அறுந்து போகாத மாதிரி கெட்டியா கோத்துக் கொடும்மா. நூலே வேண்டாம்."

"கிதார் கம்பி இருக்கு சார். பழைய ஸ்ட்ரிங், தூக்கிப் போட வெச்சிருக்கேன். அதுல கோக்கட்டுமா? யானை இழுத்தாலும் அறாது."

"அதிலேயே கோத்துடு" என்றேன். அடுத்த சனிக்கிழமை அந்த மாலையைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மனதில் ஒரு பாரம் இறங்கியது.

அன்றைய ஆட்டத்தை மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஜாக் மூலை மெத்தையை அவிழ்த்து எறிவான், கொக்கி வெளியே தெரியும். பீமனின் தலையை அதில் மோதப் பார்ப்பான். அந்த இடத்தில் என் நாடி எகிறியது. "இத்த இழு" என்றார். பீமன் தப்பித்துக்கொண்டு, ஜாக்கைத் தூக்கி அதே மூலையில் எறிவார். அங்கேயும் எகிறியது. "இத்தயும் இழு. நைனா அயிட்டத்த அந்த மூலைலயே வெச்சிக்கலாம்." கொக்கியில் முதுகு படாதா என்று கேட்டேன். ஜலாலுக்குத் தெரியும், பக்கவாட்டில் விழுவான் என்றார். மாலையைப் பற்றி எனக்கு ஞாபகமே வரவில்லை. அதைத்தான் நான் சரிசெய்துவிட்டேனே!

எல்லாம் சொன்னபடி நடந்தது. மெத்தை போனது. பீமன் தூக்கி எறிந்தார். ஜலால் பக்கவாட்டில்தான் விழுந்தான், சரியாக விழுந்தான். கைகள் இரண்டும் வழக்கம் போலக் கயிறுகளில் மாட்டின. அப்போது கால் வழுக்கி உடம்பு கீழே இறங்கியது. பின்கழுத்துப் பக்கம் இருந்த மாலை கொக்கியில் மாட்டிக்கொண்டது. ஒரு சுற்று இழுபட, மறு சுற்று கழுத்தை இறுக்கியது. அவன் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. முழு எடையும் கழுத்தில்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நான் பார்த்தது, வழக்கமான மூலையில் வழக்கம் போல டோப்பா முகத்தை மூடிக்கொண்டு தொங்குகிற ஜாக்கை. ஃபிலோவின் குரூப் முழு வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தது. டோப்பாவுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு குரல்.

"நைனா."

நான் காதில் கையைக் குவித்தேன். "என்ன? கேக்கலையே!" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன்.

"நைனா!" என்று கொட்டகை அலறியது.

"கேக்கலையே!"

"நைனா!"

அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். இரண்டாவது தடவை கூட்டம் கத்தி முடித்தபோது பாட்டு நின்றது. வாசித்துக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றது. மேடையைப் பார்த்தேன். ஃபிலோ கிதாரைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் தன் கழுத்தைப் பிடித்துக்காட்டி, "ஒயர்! சார், ஒயர்!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

ஓடினேன். அவன் முகம் இருந்த நிறத்தை நான் எழுத மாட்டேன். மாலையை இழுத்தேன், கம்பி என் விரலை அறுத்தது. அறாத மாதிரி நான்தானே கோக்கச் சொன்னேன். பீமன் அதற்குள் புரிந்துகொண்டு ஜலாலின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். எடை குறைந்ததும் கொக்கியிலிருந்து கழற்றினேன். அவனைக் கிடத்தி, கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினேன். பதில் இல்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். பதில் இல்லை. மேலே பெஞ்சில் யாரோ இன்னும் "நைனா" என்று கூவிச் சிரித்தார்கள்.

மூச்சு வந்தது. எவ்வளவு நேரம் கழித்து என்று எனக்குத் தெரியாது. வந்தது, அதுதான்.

ஜலால் பிழைத்தான். குரல் பிழைக்கவில்லை. தொண்டைக்குள் ஏதோ நசுங்கிவிட்டது, திரும்ப வராது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, காதோடு காதாக, காற்று மட்டும் வருகிற குரலில் சொன்னான். "மணின்னுதான் சொல்ல நெனச்சேன் நைனா. வாய்ல வரல."

மாஸ்டரும் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார், பழக்கம். உடனே விட்டுவிட்டார். அதன்பின் ஹிப்பி ஜாக் இல்லை, ஒரு வருஷத்தில் காட்சியும் நின்றது.

கூப்பிடுகிற குரல் போனவனைக் கடைவாசலில் யார் வைத்துக்கொள்வார்கள்? நான் அண்ணாச்சியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தி. நகர் போனேன். அவர் கல்லாவில் இருந்தார். ஜலால் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"தொண்டையில ஏதோ புண்ணுன்னு சொல்லுதான். பாவம்யா. மடிக்கிற வேலையில போட்டிருக்கேன், சம்பளத்தைத்தான் குறைக்க வேண்டியதாப் போச்சு" என்றார் அண்ணாச்சி. பிறகு அவராகவே, "அந்த ஹிப்பிப் பயலை இப்ப காணலையே, என்ன ஆனான்?" என்று கேட்டார்.

ஜலால் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். சொல்லாதே என்பது போல் தலையை மெல்ல அசைத்தான். நான் உடைக்க வந்த கோதாவின் ரகசியத்தை அவன்தான் காப்பாற்றினான். நான் அரை மீட்டர் சட்டைத்துணி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அரை மீட்டரில் எந்தச் சட்டையும் தைக்க முடியாது என்பது பஸ்ஸில்தான் உறைத்தது. வீட்டுக்கு வந்து கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஜெயிப்பது யார் என்று முன்பே தெரியும் என்பது உட்பட. அவள் அந்தத் துணியை மடித்து வைத்தாள். "நீங்க பயந்தேள். பயந்ததைச் செஞ்சேள். அதுக்கு மேல என்ன சொல்றது" என்றாள். அது சமாதானமா குற்றச்சாட்டா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகு நான் பில் எழுதியே ஓய்வு பெற்றேன். ஜலால் திருவல்லிக்கேணியில் மகனோடு இருந்தான். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் வருவான், பிரியாணி நாங்கள் சாப்பிட மாட்டோம் என்று தெரிந்து பேரீச்சம்பழம் கொண்டுவருவான். நாங்கள் அந்த நாளைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை. அவன் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பான். நான் அதைப் பார்க்காமல் பேசுவேன்.

சில வருஷங்களுக்கு முன் எனக்குக் காது மந்தமாகிவிட்டது. மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள், அது கீச்சென்று கத்துகிறது, அலமாரியில் வைத்திருக்கிறேன். அந்த வருஷம் ஜலால் வந்தான். கமலா உள்ளே போயிருந்தாள். எதிரே உட்கார்ந்து என்னவோ சொன்னான். அவன் குரலே காற்று, என் காதோ இப்படி. உதடு அசைவது மட்டும் தெரிந்தது. நான் யோசிக்கவே இல்லை. காதில் கையைக் குவித்து, "என்ன? கேக்கலையே!" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எடுக்க முடியவில்லை. கை அங்கேயே நின்றது.

ஜலால் எழுந்து வந்தான். என் கையைக் காதிலிருந்து மெதுவாக இறக்கினான். தன் கைக்குள் வைத்துக்கொண்டு ஒரு தடவை அழுத்தினான்.

நான் இரண்டு தடவை அழுத்தினேன்.

அவன் கையை விடாமல், தன் நாற்காலியைக் காலாலேயே இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.